இயக்கத்தை முடக்கும் நோயும் நினைவை அழிக்கும் நோயும்: பார்க்கின்சன், அல்சைமர் நோய்களின் வேறுபாடுகள்

ஆய்வுச் சுருக்கம்

மூளையிலுள்ள நரம்புச் செல்கள் படிப்படியாக அழிவதால் தோன்றும் நோய்கள் நரம்புச் சிதைவு நோய்கள் எனப்படுகின்றன. அவற்றுள் பார்க்கின்சன் நோய் இயக்கத்தையும் அல்சைமர் நோய் நினைவையும் முதன்மையாகத் தாக்குகின்றன. எனினும் நோய் முற்றும்போது பார்க்கின்சன் நோயாளி நினைவை இழப்பதும் அல்சைமர் நோயாளி நடையை இழப்பதும் உண்டு. ஆகவே எதை இழந்தார் என்பதைக் கொண்டு மட்டும் இவற்றைப் பிரித்தறிய இயலாது. எதை முதலில் இழந்தார், எவ்வகையில் இழந்தார் என்பவையே உறுதியான அடையாளங்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு நோய்க்குரிய மருந்து மற்றொரு நோயினருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால் இவ்வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நரம்புச் சிதைவு, பார்க்கின்சன் நோய், அல்சைமர் நோய், லூவி உருண்டை, டோபமைன், அறிதிறன் இழப்பு, நடுக்குவாதம், மறதிநோய்

முன்னுரை

முதியவர் ஒருவரின் கை நடுங்கினாலும், நடை தளர்ந்தாலும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் ‘வயதாகிவிட்டது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் குடும்பங்களில் இயல்பாக உள்ளது. சற்றுக் கூடுதலாகக் கவலைப்படுவோர் ‘நரம்புத் தளர்ச்சி’ என்பர். இவ்விரு சொற்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான நோய்களை ஒரே போர்வைக்குள் மறைத்துவிடுகின்றன.

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகில் 5.7 கோடிப் பேர் அறிதிறன் இழப்புடன் வாழ்ந்தனர். அவர்களுள் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு அல்சைமர் நோயே காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. பார்க்கின்சன் நோயுடையோர் 2019இல் 85 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். இந்தியாவில் 60 அகவையைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், அறிதிறன் இழப்புடையோர் என 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இத்துணைப் பெரும் எண்ணிக்கையினரைப் பாதிக்கும் நோய்களைப் பெயர் பிரித்து அறிவது மருத்துவர்க்கு மட்டுமே உரிய பணியன்று. நோயின் முதல் அடையாளத்தைக் காண்போர் வீட்டிலுள்ளோரே ஆவர்.

1. இரு நோய்களும் அறியப்பட்ட வரலாறு

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்க வாதம் பற்றிய சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஆறு நோயாளிகளைப் பற்றி மட்டுமே எழுதினார். அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டும், ஒருவரைத் தொலைவிலிருந்து கண்டும் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. நடுக்கம், முன்சாய்ந்த உடல், விரைந்து தடுமாறும் நடை ஆகியவற்றைத் துல்லியமாகப் பதிவு செய்த அவர், இந்நோயில் புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று கருதினார். பின்னர்ப் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஷார்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார். நோயாளர் அனைவர்க்கும் நடுக்கம் இருப்பதில்லை, உண்மையான வாதமும் இருப்பதில்லை. ஆதலின் ‘நடுக்க வாதம்’ என்னும் பெயர் பொருந்தாது என்பது அவர் கூறிய காரணம்.

அல்சைமர் நோயின் வரலாறு 1901இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் தொடங்குகிறது. அங்குச் சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண்மணி ஒருவருக்கு நினைவிழப்பும் கணவர்மீது ஐயமும் மொழிக் குழப்பமும் இருந்தன. அவரை ஆராய்ந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1906இல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆய்ந்து, செல்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய இழைகளையும் கண்டார். அவ்வாண்டே டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதனை அறிவித்தார். 1910இல் எமில் கிரேப்லின் தம் உளமருத்துவப் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரை இட்டார்.

ஆக, முதல் நோய் உடலின் அசைவைக் கண்ணால் கண்டு அறியப்பட்டது. இரண்டாவது நோய் இறந்தவரின் மூளையைத் திறந்து பார்த்து உறுதி செய்யப்பட்டது.

2. நோய் தொடங்கும் இடம்

பார்க்கின்சன் நோயில் நடுமூளையிலுள்ள ‘கரும்பொருள்’ என்னும் சிறுபகுதி சிதைகிறது. இங்குள்ள செல்கள் கருநிறமி கொண்டவை என்பதால் இப்பெயர் அமைந்தது. இச்செல்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புமுடிச்சுகளுக்கு அனுப்புகின்றன. ஓர் அசைவைத் தொடங்குதல், அதன் அளவை வரையறுத்தல், தேவையற்ற அசைவை அடக்குதல் ஆகியவை இம்முடிச்சுகளின் பணிகள். கரும்பொருளின் டோபமைன் செல்களில் பெரும்பங்கு அழிந்த பின்னரே கைநடுக்கமும் நடைத்தளர்வும் வெளியே தெரிகின்றன.

அல்சைமர் நோயில் சிதைவு தொடங்குமிடம் வேறு. பக்கவாட்டு மூளையின் உட்புறத்திலுள்ள என்டோரைனல் புறணியும் அதனை அடுத்துள்ள ஹிப்போகாம்பஸும் முதலில் பாதிப்படைகின்றன. கடற்குதிரை போன்ற வடிவுடைய ஹிப்போகாம்பஸ், அன்றாட நிகழ்ச்சிகளைப் புதிய நினைவுகளாகப் பதிவு செய்யும் வாயில் ஆகும். பின்னர் நோய் பெருமூளைப் புறணியில் பரவுகிறது. இயக்கத்தை ஆளும் புறணிப் பகுதி நெடுங்காலம் தப்பி நிற்கிறது. நேற்று நடந்ததை மறந்தவர் தெருவில் விரைந்து நடந்து செல்வதும், வீட்டிற்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்பதும் இதனால்தான்.

செருமானிய உடற்கூற்றியலாளர் ஹைக்கோ பிராக் இவ்விரு நோய்களின் பரவலையும் படிநிலைகளாக வகுத்தவர். 1991இல் அல்சைமர் நோய்க்கும் 2003இல் பார்க்கின்சன் நோய்க்கும் அவர் தம் குழுவினருடன் படிநிலைகளை வெளியிட்டார். பார்க்கின்சன் நோய் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் மணமுகர் பகுதியிலும் தொடங்கி மேல்நோக்கிப் பரவுகிறது என்பது அவர் கருத்து. நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே மணம் அறியும் திறன் குறைவதும், மலச்சிக்கல் ஏற்படுவதும், கனவில் காண்பதைத் தூக்கத்திலேயே கைகால்களை வீசி நிகழ்த்துவதும் இதனோடு ஒத்துப்போகின்றன. எல்லா நோயாளிகளிடமும் இவ்வரிசை மாறாமல் அமைவதில்லை எனினும், பெரும்போக்கை விளக்க இது உதவுகிறது.

3. படியும் புரதங்கள்

இரு நோய்களிலும் புரதங்கள் தம் இயல்பான மடிப்பை இழந்து ஒன்றோடொன்று ஒட்டிப் படிகின்றன. படியும் புரதங்கள் எவை என்பதில் வேறுபாடு உள்ளது.

அல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டா என்னும் புரதத் துண்டு செல்களுக்கு வெளியே படிகிறது. டௌ என்னும் புரதம் செல்களுக்குள் முறுக்கிய இழைகளாகத் திரள்கிறது. மறதி வெளிப்படுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அமிலாய்டு படியத் தொடங்கலாம்.

பார்க்கின்சன் நோயில் செல்களுக்குள் உருண்டை வடிவத் திரள்கள் காணப்படுகின்றன. இவற்றை 1912இல் பிரிட்ஸ் லூவி விவரித்தார். 1919இல் திரெத்தியாகோஃப் இவற்றைக் கரும்பொருளில் கண்டு ‘லூவி உருண்டைகள்’ எனப் பெயரிட்டார். இவற்றின் முதன்மைக் கூறு ஆல்ஃபா சைனூக்ளீன் என்னும் புரதம் என்பது 1997இல் கண்டறியப்பட்டது.

4. இயக்கக் குறைபாட்டின் தன்மை

பார்க்கின்சன் நோயை உறுதி செய்ய நடுக்கம் கட்டாயமன்று. அசைவு மந்தமே கட்டாயம். அதனுடன் ஓய்வுநிலை நடுக்கமோ தசை விறைப்போ சேர்ந்திருத்தல் வேண்டும். நோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்குத் தொடக்கத்தில் நடுக்கம் இருப்பதில்லை. சட்டைப் பொத்தானைப் போட நெடுநேரம் ஆதல், கையெழுத்து வரவரச் சிறுத்தல், நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாதிருத்தல், முகத்தில் உணர்ச்சி குன்றுதல், குரல் தாழ்தல் ஆகியவை நடுக்கமின்றியும் தோன்றும். பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்திலேயே நோய் தொடங்குகிறது.

நடுக்கம் இருப்பினும் அதன் வகையை நோக்க வேண்டும். பார்க்கின்சன் நடுக்கம் கை மடியில் ஓய்ந்திருக்கும்போது மிகுந்து, ஒன்றை எடுக்கும்போது குறையும். காப்பிக் குவளையை ஏந்தி வாயருகே கொண்டுசெல்லும்போது மட்டும் கை நடுங்கினால், அது பெரும்பாலும் வேறொரு நடுக்கமாகும்.

அல்சைமர் நோயாளிக்குத் தொடக்கத்தில் இத்தகைய மந்தமோ விறைப்போ இராது. அவருக்குச் செயலில் இடர் ஏற்படுவது வேறு வகை. சட்டையைத் தலைகீழாக அணிதல், தீப்பெட்டியை எடுத்துவிட்டு எதற்கு எடுத்தோம் எனத் திகைத்தல் போன்றவை செயலின் ஒழுங்கு குலைந்ததைக் காட்டுகின்றன. பார்க்கின்சன் நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும்; கை உடன்வராது. அல்சைமர் நோயாளிக்குக் கை உடன்வரும். என்ன செய்ய வேண்டும் என்பது நழுவிவிடும்.

5. நினைவிழப்பின் தன்மை

பார்க்கின்சன் நோயில் அறிவு கெடுவதில்லை என்ற கருத்து நெடுங்காலம் நிலைத்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு இதனை மாற்றியது. நோய் கண்டறியப்பட்டு 20 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தோருள் 83 விழுக்காட்டினருக்கு அறிதிறன் இழப்பு ஏற்பட்டிருந்ததாக 2008இல் அவ்வாய்வு அறிவித்தது. ஆகவே மறதி இரு நோய்களுக்கும் பொதுவானதே. வேறுபாடு மறதியின் தன்மையில் உள்ளது.

நினைவு என்பது பதிதல், சேமித்தல், மீட்டல் என மூன்று படிகளைக் கொண்டது. அல்சைமர் நோயில் முதற்படியே கெடுகிறது. ஐந்து சொற்களைச் சொல்லிச் சிறிது நேரம் கழித்துக் கேட்டால் நோயாளியால் கூற இயலாது. ‘அவற்றுள் ஒன்று பழத்தின் பெயர்’ எனக் குறிப்புக் கொடுத்தாலும் பெரும்பாலும் பயனில்லை. பதியாத ஒன்றை மீட்க முடியாதல்லவா? காலையில் உண்டதை மறந்து ‘எனக்கு யாரும் சோறு போடவில்லை’ என்று அவர் கூறுவது பொய்யன்று, பிடிவாதமும் அன்று. அவரைப் பொறுத்தவரை அந்நிகழ்ச்சி நடக்கவேயில்லை.

பார்க்கின்சன் நோயில் மீட்டலே தொடக்கத்தில் மிகுதியும் இடர்ப்படுகிறது. குறிப்புக் கொடுத்தால் நோயாளி பெரும்பாலும் சொல்லை நினைவுகூர்கிறார். திட்டமிடுதல், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குக் கவனத்தை மாற்றுதல், விரைந்து சிந்தித்தல் ஆகியவற்றில் தளர்வு காணப்படுகிறது. விடை தாமதமாக வரும், ஆனால் வரும். காத்திருக்கும் பொறுமை கேட்பவர்க்கு இல்லையெனில் ‘நினைவு போய்விட்டது’ எனத் தவறாக முடிவு செய்ய நேரும்.

கைப்பழக்கமாகிய நினைவு இதற்கு மறுதலையானது. பூத்தொடுத்தல், நெல் புடைத்தல் போன்ற திறன்கள் அடித்தள நரம்புமுடிச்சுகளை மிகுதியும் சார்ந்தவை. ஆகவே பேரன் பெயரை மறந்த அல்சைமர் நோயாளியின் விரல்கள் பூவைத் தடையின்றித் தொடுக்கக்கூடும். பேரன் பெயரை நன்கறிந்த பார்க்கின்சன் நோயாளியின் விரல்கள் நாரில் தடுமாறக்கூடும்.

6. இரண்டும் கலக்கும் இடம்

லூவி உருண்டை அறிதிறன் இழப்பு என்னும் நோய் இவ்விரண்டின் இடையே நிற்கிறது. ஜப்பானிய அறிஞர் கெஞ்சி கொசாக்கா 1976 முதல் இதனை விவரித்தார். ஒரு நாள் தெளிவு, மறுநாள் குழப்பம் என அறிவுநிலை ஏறியிறங்குதல், இல்லாத மனிதரையோ விலங்குகளையோ தெளிவாகக் காணுதல், கனவை உடலால் நிகழ்த்துதல், பார்க்கின்சன் போன்ற அசைவு மந்தம் ஆகியவை இதன் அடையாளங்கள்.

பார்க்கின்சன் நோயின் பிற்பகுதியில் தோன்றும் அறிதிறன் இழப்பிலும் இவையே காணப்படுவதால், மருத்துவர்கள் கால வரிசையை அளவுகோலாகக் கொள்கின்றனர். இயக்கக் குறைபாடு தோன்றி ஓராண்டோ அதற்கு மேலோ கழிந்தபின் அறிதிறன் கெட்டால் அது பார்க்கின்சன் அறிதிறன் இழப்பு. அறிதிறன் முன்னரே கெட்டாலோ, இயக்கக் குறைபாடு தோன்றிய ஓராண்டிற்குள் கெட்டாலோ அது லூவி உருண்டை அறிதிறன் இழப்பு. ஒரே புரதம் படியும் இரு நிலைகளை ‘எது முந்தியது’ என்ற வினாவே பிரிக்கிறது. அவ்வினாவுக்குரிய விடை ஊடுகதிர்ப் படத்தில் இல்லை. உடனிருந்து பார்த்தவரின் நினைவில் உள்ளது.

இவற்றினின்று வேறுபட்டது ஹன்டிங்டன் நோய். ஜார்ஜ் ஹன்டிங்டன் 1872இல் விவரித்த இந்நோயில் இயக்கமும் அறிவும் மனநிலையும் ஒருங்கே கெடுகின்றன. இங்கு அசைவு குறைவதற்கு மாறாக, கட்டுப்பாடற்ற துள்ளசைவு மிகுகிறது. இதற்குக் காரணமான மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. பெற்றோருள் ஒருவருக்கு இம்மரபணு இருப்பின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்துசேர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. பார்க்கின்சன், அல்சைமர் நோய்கள் பெரும்பாலும் இவ்வாறு நேரடியாக மரபுவழி வருவன அல்ல.

7. மருந்துகள் முரண்படும் நிலை

பார்க்கின்சன் நோயில் குறைந்த டோபமைனை ஈடுசெய்ய லெவோடோபா அளிக்கப்படுகிறது. டோபமைன் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது; லெவோடோபா நுழைந்து அங்கு டோபமைனாக மாறும். 1967இல் ஜார்ஜ் காட்சியாஸ் இதனை உயர் அளவில் அளித்துப் பயன் கண்டார். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், தாமோதரன், இராமசாமி ஆகிய இந்திய ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்திருந்தனர் என்பது நினைவுகூரத்தக்கது. எனினும் விதைக்கு விதை இதன் அளவு மாறுபடும் என்பதால், மாத்திரையுடன் சேர்த்து விதைப்பொடியைத் தாமாக உண்பது தீங்காகலாம்.

அல்சைமர் நோயில் அசெட்டைல்கோலின் குறைகிறது. டோனெப்பெசில் போன்ற மருந்துகள் அது சிதைவதைத் தடுக்கின்றன. அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் அமெரிக்காவில் 2023இல் முழு ஒப்புதல் பெற்றது. தொடக்கநிலை நோயின் வேகத்தை அது ஓரளவு குறைக்கிறது. இழந்த நினைவை மீட்பதில்லை.

வேறுபாட்டை அறியாமையால் விளையும் தீங்கு இங்குத்தான் வெளிப்படுகிறது. நடுக்கத்தைக் குறைக்க அளிக்கப்படும் டிரைஹெக்சிபெனிடில், அசெட்டைல்கோலினின் செயலைத் தடுக்கிறது. முதியோர்க்கு மறதியையும் குழப்பத்தையும் அது மிகுவிக்கும். மாறாக, இல்லாத உருவங்களைக் காணும் முதியவர்க்கு மனநோய் எனக் கருதி ஹாலோபெரிடால் கொடுத்தால், அது டோபமைனைத் தடுக்கிறது. அவருக்கு உள்ளது லூவி உருண்டை நோயாயின் உடல் கடுமையாக விறைத்து, உணர்வு மங்கி, உயிருக்கே இடர் நேரலாம்.

8. நோய் போலத் தோன்றுபவை

இயக்கக் குறைவும் மறதியும் எப்போதும் நரம்புச் சிதைவால் வருவன அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை மறதியை உண்டாக்கும். தலைச்சுற்றலுக்கு உண்ணும் சின்னரிசின், வாந்திக்கு உண்ணும் மெட்டோகுளோபிரமைடு போன்றவை நீடித்த பயன்பாட்டில் பார்க்கின்சன் போன்ற நிலையைத் தோற்றுவிக்கலாம். நடைத்தடுமாற்றம், சிறுநீர் அடக்க இயலாமை, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால், மூளை அறைகளில் நீர் மிகும் நோயாக இருக்கலாம் என்று 1965இல் ஹக்கீமும் ஆடம்சும் உணர்த்தினர். இவை கண்டறிந்து மருத்துவம் செய்தால் பெரும்பாலும் குணமாகவோ குறையவோ கூடியவை. ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்குவதால் இவ்வாய்ப்பு வீணாகிறது.

9. தமிழ்ப் பெயர்கள் குறித்து

பார்க்கின்சன் நோய்க்கு ‘நடுக்குவாதம்’ என்றும் அல்சைமர் நோய்க்கு ‘மறதிநோய்’ என்றும் தமிழில் வழங்குகிறோம். இவை எளிமையும் பொருள்தெளிவும் உடையவை. ஆயினும் இரண்டும் ஓர் அறிகுறியைக் கொண்டு நோய் முழுமைக்கும் இட்ட பெயர்கள். நடுக்கமில்லாத நோயாளியின் குடும்பத்தார் நடுக்குவாதம் என்று நினைக்கவும் மாட்டார். மறக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு ‘மறதிநோயும் வந்துவிட்டது’ என்று தவறாகக் கூறவும் இடமுண்டு. ஷார்கோ அன்று எழுப்பிய தடை நம் கலைச்சொல்லுக்கும் பொருந்துகிறது. கட்டுரைகளிலும் விழிப்புணர்வு வெளியீடுகளிலும் இப்பெயர்களுடன் பார்க்கின்சன், அல்சைமர் என்னும் பெயர்களையும் இணைத்து வழங்குவதும், ‘அறிதிறன் இழப்பு’ என்பதை நோய்த்தொகுதியின் பொதுப்பெயராகவும் ‘அல்சைமர்’ என்பதை அதனுள் ஒன்றாகவும் வேறுபடுத்தி எழுதுவதும் தகும்.

முடிவுரை

பார்க்கின்சன் நோய் மூளைத்தண்டை ஒட்டித் தொடங்கி டோபமைனைக் குறைத்து அசைவை முதலில் தாக்குகிறது. அதில் நினைவின் மீட்டல் பின்னர்த் தளர்கிறது. அல்சைமர் நோய் ஹிப்போகாம்பஸை ஒட்டித் தொடங்கி நினைவின் பதிவை முதலில் தாக்குகிறது. அதில் அசைவு இறுதியில் கெடுகிறது. லூவி உருண்டை நோயில் இரண்டும் நெருங்கி வருகின்றன. முற்றிய நிலையில் இம்மூவகை நோயாளிகளும் ஏறத்தாழ ஒரே தோற்றம் கொள்வர். அப்போது அவர்களை வேறுபடுத்திக் காட்டுவது அவர்கள் கடந்துவந்த வழியே ஆகும்.

ஆகவே முதியவரிடம் மாற்றம் தோன்றும்போதே, எது முதலில் மாறியது, எம்மாதத்தில் மாறியது, உண்ணும் மருந்துகள் எவை என்பவற்றைக் குடும்பத்தார் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். மருத்துவர்முன் நோயாளி மறந்துவிடக்கூடிய அவ்வரிசையே சரியான மருந்துக்கும் தவறான மருந்துக்கும் இடையே நிற்கும் சான்றாகும்.